கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

கதவு திறந்தது. உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. திறந்தவள் எஸ்தர்தான் என்பது அவளுடைய கண்ணாடி வளையல் சத்தத்தில் தாட்சாயணிக்குத் தெரிந்தது.

"எஸ்தர், நான்தான். சாலமன் அண்ணனோட நினைவு நாள் வருதில்ல. உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கதவு சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்தர் நிதானமாகச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள். தாட்சாயணி கையில் வாங்கி வந்த பழப்பையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் யாரோ இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

தெருமுனையில் வண்டியோடு காத்திருந்த கணவன் வாசு வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"என்ன ஆச்சு?"

"சாத்திட்டா."

"விடு தாட்சா. கம்பெனி இவங்களையெல்லாம் எப்பவோ சரிக்கட்டியிருக்கும். உண்மையைப் பேசற ஆளை இவங்களுக்கு இனிமே பிடிக்காது."

அவள் அதை நம்பினாள். வாசு சொல்வதை நம்பாமல் அவளால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. பார்வை போனதிலிருந்து அவளுக்கு உலகம் என்பது பாதி காதில் விழுவது, மீதி வாசு சொல்வது.

ஓசூரைத் தாண்டி, பழைய கார் மின்கலங்களை உடைத்து உள்ளே இருக்கும் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. பேட்டரி ஆலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மின்சாரக் கார்கள் பெருகிப்போய், செத்த பேட்டரிகள் மலைமலையாக வந்து குவிந்த காலம் அது. தாட்சாயணி அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வாசு கட்டுப்பாட்டு அறையின் மென்பொருளைக் கவனித்துக்கொண்டான். எஸ்தரின் கணவர் சாலமன் அரவை இயந்திரத்தில் இருந்தார். ஒரு நாள் அரவைக்குள் போன பேட்டரிகளில் சில முழுதும் சாகாமல், உள்ளே மின்சாரத்தோடு இருந்தன. புகை, அடுத்து தீ, அடுத்து நுரையீரலைக் கிழிக்கும் வாயு. சாலமனோடு சேர்ந்து பலர் போய்விட்டார்கள். தாட்சாயணிக்குக் கண்கள் போயின.

அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு இணையப் பக்கம் வைத்து, நடந்ததைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். ஆணையத்தின் வாசிப்பு இயந்திரம் அவற்றையெல்லாம் படித்துத் தொகுக்கும். ஊர் மக்களும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். எழுதுவதில் சிரமம் இல்லை. எழுதியதைக் காப்பாற்றுவதுதான் சிரமம். ஒருவர் எழுதி வைத்த சற்று நேரத்தில் இணையத்தில் திரியும் நகல் இயந்திரங்கள் வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். அதே நடையில், அதே பெயரில், அதே கண்ணீரோடு நூற்றுக்கணக்கில் வாக்குமூலங்கள் முளைக்கும். ஒன்றில் அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்றிருக்கும். இன்னொன்றில் குடித்திருந்தாள் என்றிருக்கும். எது அசல் என்று யாருக்கும் தெரியாமல் போய், கடைசியில் அசலும் தள்ளுபடியாகும். யார் இதைச் செய்விக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாராலும் நிரூபிக்க முடியாது.

"முழுசாத் தடுக்க முடியாது" என்றான் வாசு, அவளுக்காகப் பக்கத்தைக் கட்ட உட்கார்ந்த அன்று. "ஆனா நகல் எடுக்கறவனைச் சிரமப்படுத்தலாம். நீ எழுதினதுக்கு மேல ஒரு அடுக்கு போட்டுடுவேன். கண்ணாடி மாதிரி. பாக்கறவங்களுக்கு எழுத்து தெரியும். ஆனா விரல் வெச்சு இழுத்தா கண்ணாடிதான் கைக்கு வரும், எழுத்து வராது. படம் பிடிச்சா கண்ணாடி கறுத்துக்கும்."

"அப்ப எனக்கு? எனக்கும் மறைக்குமே."

"உனக்கு எங்க மறைக்கும்? உன் ஸ்கிரீன் ரீடர் பக்கத்தைப் பாக்கறதில்ல. அடியில இருக்கற எழுத்தை நேரா எடுத்து உன் காதுல படிக்குது. மேல கண்ணாடி இருந்தா என்ன, கதவே இருந்தா என்ன, அதுக்குத் தெரியாது. ஆணையத்தோட மெஷினும் அப்படித்தான். திருட்டு மெஷின்களுக்குத் தனியா வாசல்லயே பூட்டு போட்டுக்கறேன்."

"கண்ணு இருக்கறவங்களுக்குக் கண்ணாடி. இல்லாதவளுக்கு நேர்வழி" என்று சொல்லிச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று வாசு சொன்னான்.

அவள் வாயால் சொல்லச் சொல்ல எழுத்தாகும் கருவி ஒன்று இருந்தது. பகுதி பகுதியாக எழுதினாள். ஆலையில் சேர்ந்தது, அரவைக்கு வரும் பேட்டரிகளைச் சரியாகச் சோதிக்க ஆள் போதாமல் இருந்தது, மேலாளரிடம் சொன்னது, மேலாளர் தலையாட்டியது. ஒவ்வொரு பகுதியும் வெளியானதும் மனிதர்கள் வீடு தேடி வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எஸ்தர் அப்போதெல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தீப்பிடித்த நாளைப் பற்றிய பகுதியை எழுதி முடித்ததும் வாசுவுக்குப் போட்டுக் காட்டினாள். அவன் வெகுநேரம் பேசவில்லை.

"அலாரம் பத்தி எழுதித்தான் ஆகணுமா?"

"அடிக்கலைங்கறது உண்மைதானே. யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க. அதை எழுதாம வேற எதை எழுதறது?"

"சரி" என்றான். "போட்டுடறேன்."

மறுநாள் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பக்கத்தைக் கேட்டாள். ஒரு சொல் குறையவில்லை. பயந்த சுபாவம் உள்ளவன், ஆலை மூடிக் கிடந்தாலும் இன்னும் அதே கம்பெனியின் வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவன், இருந்தும் போட்டுவிட்டானே என்று பெருமையாக இருந்தது. அன்று அவனுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பைத் தடவித் தடவித் தானே வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் வருவது நின்றது. தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்துக்குப் போனபோது அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. கடைத்தெருவில் அவளுக்குப் பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். பிறகு எஸ்தரின் தாழ்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் வாசுவிடம் ஒரே விளக்கம் இருந்தது. விலைபோய்விட்டார்கள்.

தாட்சாயணி அவர்களை வெறுக்கத் தொடங்கினாள். வெறுப்பு அவளுக்குத் துணையாகவும் இருந்தது.

இப்படி இருக்கும்போது சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"தாட்சாயணி மேடமா? என் பேரு முஸ்தபா. பேங்க்ல வேலை. உங்களை மாதிரிதான் எனக்கும் பார்வை கிடையாது, பிறவியிலேயே. மன்னிச்சுக்கோங்க, உங்களால எங்க வீட்டுல சண்டை."

"என்னாலயா?"

"உங்க பக்கத்தைக் கேட்டேன். அலாரத்தை அணைச்சு வெச்சிருந்தாங்கன்னு தைரியமா எழுதியிருக்கீங்க. சாலமன்னு ஒருத்தர் உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரே, அந்த இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ தன் போன்ல எடுத்துப் படிச்சுட்டு, நீங்க அந்த மனுஷனைத் திட்டி இல்ல எழுதியிருக்கீங்கன்னு சொல்றா. நான் தூங்கிட்டே கேட்டேனாம். நீங்களே கேட்டுக்கோங்கன்னு உங்க நம்பரைத் தேடி எடுத்துக் குடுத்தா."

தாட்சாயணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "வேற யாரோட பக்கத்தையாவது பாத்திருப்பாங்க. நகல் எடுத்துப் போட்டிருப்பாங்க, சார்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அதே முகவரிதான்மா. அவரு அனுப்பினதைத்தான் தொட்டுத் திறந்தேன். மேல உங்க போட்டோ இருக்கு. அலாரம் அடிச்சுது, நாங்கதான் கண்டுக்கலைன்னு போட்டிருக்கு."

வாசு அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாசு என்று கூப்பிட வாய் திறந்தாள். எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் அவனைத்தானே கூப்பிடுவாள். ஆனால் கூப்பிடவில்லை. முஸ்தபாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தாள். மருந்துக்கடை வரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட வரட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றாள். ஆட்டோக்காரரிடம் எஸ்தரின் தெருவைச் சொன்னாள்.

இந்த முறை கதவு திறக்கவேயில்லை. ஆனால் உள்ளே ஆள் இருந்தது.

"எஸ்தர், உள்ள வரலை. நான் எழுதினதை உன் போன்ல எடுத்து ஒரே ஒரு தடவை சத்தமாப் படி. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"எழுதினது உங்களுக்குத் தெரியாதாக்கும், மேடம்" என்றது குரல், கதவுக்கு மிக அருகில்.

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்."

அந்தப் பதிலில் இருந்த ஏதோ ஒன்று எஸ்தரை அசைத்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் விலகியது. எஸ்தர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் முகத்தில் எறிவதுபோல் படித்தாள்.

"'அலாரம் அடித்தது. நான் கேட்டேன், சாலமனும் கேட்டார். கையில் இருக்கும் லோடை முடித்துவிட்டுப் போகலாம் என்று சாலமன்தான் சொன்னார். அவர் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் இன்று எல்லோரும் உயிரோடு இருந்திருப்போம்.' போதுமா? இன்னும் படிக்கணுமா? என் பசங்களுக்கு ஸ்கூல்ல இதைப் படிச்சுக் காட்டறாங்க, மேடம். உங்கப்பாவாலதான் எங்கப்பா செத்தாருன்னு."

தாட்சாயணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். காதுக் கருவியைக் கழற்றி, போனை ஒலிபெருக்கிக்கு மாற்றி, அதே பக்கத்தைத் திறந்தாள். இயந்திரப் பெண்ணின் ஏற்ற இறக்கமில்லாத குரல் படிக்கத் தொடங்கியது.

"அலாரம் அடிக்கவில்லை. யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். புகையைப் பார்த்து முதலில் கத்தியவர் சாலமன். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்து கிடத்தினார். மற்றவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் கடைசியாகப் பார்த்தது அவர் முதுகைத்தான்."

எஸ்தர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அதன் திரையிலும் அவள் படித்த எழுத்துதான் இருந்தது. மறுபடி ஓட விட்டுக் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதுகையா பாத்தீங்க" என்றாள்.

"ஆமா. நீலச் சட்டை."

எஸ்தர் அழுதாள். தாட்சாயணி பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை. வெகுநேரம் கழித்து எஸ்தர் கேட்டாள். "இந்தப் பக்கத்தைப் போட்டது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"நான் தெருத்தெருவா உங்களைத் திட்டிட்டேன்க்கா."

"நான் மட்டும் என்ன. நீங்கெல்லாம் கம்பெனிகிட்ட வாங்கிட்டீங்கன்னு நெனைச்சு உள்ளுக்குள்ள திட்டிட்டுதான் இருந்தேன்."

வீட்டுக்குத் திரும்பியபோது வாசு மாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை அறை முழுக்க இருந்தது.

"மருந்து கிடைச்சுதா?"

"என் பக்கத்துல மேல என்ன இருக்கு, வாசு?"

துணி மடிக்கும் சத்தம் நின்றது. அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

"கண்ணாடின்னு சொன்னே. இப்ப அட்டை இருக்கு. அட்டை மேல என் பேர்ல வேற எழுத்து இருக்கு."

"உன்னோடதுல ஒரு எழுத்தைக்கூட நான் தொடலை, தாட்சா. சத்தியமா. நீ தினம் கேட்டதெல்லாம் நீ எழுதினதுதான்."

"நான் கேக்கறதுக்காகவா எழுதினேன்?"

அவன் நெருங்கி வந்தான். அவள் தன் கையை விலக்கிக்கொண்டாள்.

"கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு மிரட்டினாரு. அலாரம் அணைச்சு வெச்சிருந்ததுன்னு எழுதினா அவதூறு வழக்குப் போடுவாங்களாம். இந்த நிலைமையில உன்னைக் கோர்ட் கோர்ட்டா இழுப்பாங்க. எழுதாதேன்னு சொன்னா நீ கேப்பியா? கேக்க மாட்டே. அதான், பாக்கறவங்களுக்கு ஒன்னு, உனக்கு ஒன்னு. யாருக்கும் நஷ்டமில்லாமப் பண்ணிட்டேன்னு நெனைச்சேன்."

"சாலமன் பேரை ஏன் இழுத்தே?"

மடித்து வைத்த துணியை அவன் மறுபடி உதறும் சத்தம் கேட்டது.

"யார் மேலயாவது போடணுமே. உயிரோட இருக்கறவங்க மேல போட்டா வழக்கு வரும். அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது."

அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் அவளையே பயமுறுத்தியது. எஸ்தர் கதவைச் சாத்திய அன்று தன் முழங்கையைப் பிடித்து, சரிக்கட்டியிருப்பார்கள் என்று சொன்ன குரல் இதே குரல்தான்.

"இப்பவே எடுத்துடறேன்" என்றான். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன். பாரு, இப்ப நீ எழுதினது மட்டும்தான் இருக்கு."

"பாருன்னு சொல்றியே" என்றாள். "நீ எடுத்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"



எடுத்துத்தான் இருந்தான். எஸ்தர் பார்த்துச் சொன்னாள். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் மாற்றி எழுதிவிட்டாள் என்றார்கள். எஸ்தர் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைச் சிலர் கேட்டார்கள், சிலர் அவளையும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

தாட்சாயணிக்கு உடனே போய்ச் சேர வேறு இடம் இல்லை. அம்மா அப்பா இல்லை, அண்ணன் துபாயில். அதனால் அதே வீட்டில் அதே மனிதனோடு இருந்தாள். ஒரு பொய் வந்து போன வழியில் எல்லாமே சந்தேகமாயின. காலையில் கண்ணுக்கு விடும் மருந்தை நீட்டி, "இது ராத்திரிக்கு உள்ளது, இது காலைக்கு" என்பான். அவன் வேறு அறைக்குப் போனதும் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்க் காட்டிக் கேட்டு வருவாள். சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருக்கும். அதனால் நிம்மதி வரவில்லை. புடவை பச்சை என்பான். தெருவில் போகும் யாராவது பெண்ணிடம், "இது என்ன கலரும்மா?" என்று கேட்பாள். பச்சைதான். விபத்துக்குப் பிறகு போயிருந்த ஒரு திருமணத்தில் எடுத்த படங்களை அவன் ஒருமுறை வருணித்துச் சொன்னதுண்டு. யார் சிரித்தார்கள், யார் கண்ணை மூடியிருந்தார்கள் என்று. அதையெல்லாம் இப்போது யாரிடம் போய்ச் சரிபார்ப்பது?

ஓசூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்ததும் போய்விட்டாள். வாசு பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். "சாப்பிடு ஒழுங்கா" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அது நிஜமான உடைசல்தானா என்று அவள் யோசித்துக்கொண்டே போனாள்.

ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தபோது எஸ்தரும் கூட வந்தாள். அதிகாரி ஒரு பெண், செண்பகவல்லி என்று பெயர் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமாகப் பேசினார். தாட்சாயணி மனசுக்குள் கோத்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மேடம், என் பக்கத்துல ரெண்டு எழுத்து இருந்தது. மேல இருந்தது நான் எழுதினது இல்லை. அடியில இருந்ததுதான் என்னோடது. அதை மட்டும்தான் நீங்க எடுத்துக்கணும்."

"தெரியும்மா. எங்க மெஷின் மேல இருக்கறதை மட்டும் படிக்கறதில்ல. பக்கத்துக்குள்ள எது எது இருக்கோ எல்லாத்தையும் எடுத்துடும். உங்க வாக்குமூலம் முழுசா எங்ககிட்ட இருக்கு. நீங்க மாத்தலைங்கறதும் தெரியும்." தாள்கள் புரளும் சத்தம். "ஆனா ரெண்டு இல்ல. மூணு."

"மூணா?"

"உங்க எழுத்துக்கும் அடியில இன்னொன்னு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது. உங்க காதுல படிக்கற கருவியும் அதைத் தொடாமத் தாண்டிப் போகணும்னு தனியாக் குறிச்சு வெச்சிருக்கு. பக்கத்துல இருக்கறதை அப்படியே அள்ளிப் படிக்கற மெஷினுக்கு மட்டும்தான் அது கிடைக்கும்."

எஸ்தர் தாட்சாயணியின் தோளைப் பிடித்தாள்.

"அலாரம் வீண் வீணா அடிச்சுட்டே இருந்திருக்கு" என்றார் அதிகாரி. "அடிச்சா லைன் நிக்கும். கொஞ்ச நேரம் அமுத்தி வைன்னு மேலாளர் வாயாலயே சொல்லியிருக்கார். அமுத்தி வெச்சவர் திருப்பிப் போட மறந்துட்டார். மறந்துட்டேன்னுதான் எழுதியிருக்கு. கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளை எடுத்துப் பாத்தோம், பொருந்துது."

"யாரு எழுதினது?" என்று தாட்சாயணி கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அலாரம் பற்றி எழுதித்தான் ஆகணுமா என்று கேட்டதற்கு முன்னால் அவன் பேசாமல் இருந்த அந்த வெகுநேரம் இப்போது வேறொன்றாக ஆனது. வக்கீல் மிரட்டினார் என்றது, அவதூறு வழக்கு என்றது, எல்லாம்.

"உங்க கணவர்தான்னு நெனைக்கறோம். பேர் போடலை. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம். அவர் எழுதற விதமான்னு நீங்கதான் சொல்லணும்." அதிகாரி தயங்கினார். "ஆணையத்துக்குன்னு எழுதினது இல்லம்மா. 'தாட்சா'ன்னு உங்களைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்குது."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ தேநீர் கோப்பைகளை அடுக்கினார்கள். எனக்கு எழுதியிருக்கிறான், எனக்குக் கேட்காத இடத்தில் வைத்திருக்கிறான் என்று தாட்சாயணி நினைத்தாள். ஊருக்கு ஒன்று சொன்னான். எனக்கு என் வார்த்தைகளையே திருப்பித் தந்தான். உண்மையை ஒரு மெஷினிடம் கொண்டுபோய்ச் சொன்னான்.

"அந்த வேலையை அவர்தான் பாத்தார். அமுத்தி வைக்கற அதிகாரமும் அவருக்குத்தான்" என்றாள். தன் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எழுத்தை நான் அடையாளம் சொல்ல வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்க. அவர் வாயால சொல்லட்டும். நான் உக்காந்திருக்கேன்."

வாசு ஏற்கெனவே அழைக்கப்பட்டுப் பக்கத்து அறையில்தான் இருந்தான். வந்து நின்றான். அவனுடைய செருப்புச் சத்தத்தையும் ஷேவிங் சோப்பின் வாசனையையும் அவள் அறிவாள். எஸ்தரின் விரல்கள் அவள் தோளில் இறுகின.

"உங்க மனைவி நீங்களே சொல்லிக் கேக்கணும்னு விரும்பறாங்க" என்றார் செண்பகவல்லி. "அவங்களுக்குத்தானே எழுதியிருக்கீங்க."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு சொல்லுக்காக அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டேன் என்ற ஒரு சொல் போதும். மன்னித்திருப்பாளா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அது அவன் தொண்டையிலிருந்து வந்ததாக இருந்திருக்கும். அதற்கு மேலும் கீழும் எதுவும் இருந்திருக்காது.

"நீங்களே வாசிச்சுடுங்க மேடம்" என்றான் வாசு.

தாட்சாயணி எழுந்தாள். கோலை விரித்தாள். எஸ்தர் கூட எழப்போனாள்.

"நீ இரு, எஸ்தர். நீ கேக்கணும். உனக்கு அது வேணும்."

எஸ்தர் உட்கார்ந்தாள். கோல் நாற்காலியைத் தட்டியது, சுவரைத் தட்டியது, கதவைக் கண்டுபிடித்தது. முதுகுக்குப் பின்னால் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை எடுப்பது கேட்டது. தாட்சாயணி வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

வராந்தாவில் தேநீர் கொண்டுவந்த பெண்மணி நின்றிருந்தார். "யாராச்சும் கூட வந்திருக்காங்களாம்மா? கூப்பிடட்டுமா?"

"வேண்டாங்க. ஆட்டோ எந்தப் பக்கம் நிக்கும்?"

"நேராப் போய் இடது கைப் பக்கம் ஒரு வேப்பமரம். அதுக்குக் கீழ."

"வேப்பமரம்தானா?" என்று கேட்டாள் தாட்சாயணி. அந்தப் பெண்மணிக்குக் கேள்வி புரியவில்லை. வேப்பமரம்தான் என்று மறுபடி சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு, நேராகப் போய், இடது கைப் பக்கம் திரும்பினாள்.